சீதனம்: யாருடைய தனம்?

கல்யாணப் பேச்சு நடக்கும் கூடங்களில் காலம் காலமாகக் கேட்டு வரும் வாக்கியம் ஒன்று உண்டு. "எங்களுக்கு ஒன்றும் வேண்டாம். உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யறீங்களோ, அது உங்க இஷ்டம்." கேட்பதற்குப் பெருந்தன்மையான வாக்கியம். ஆனால் பெண்ணைப் பெற்றவர் அதன் பொருளைச் சரியாகவே புரிந்துகொள்கிறார். சவரன் கணக்கு, வண்டி, பாத்திரம், கட்டில், பீரோ என்று பட்டியல் நீள்கிறது. திருமணம் முடிந்த இரவே 'பத்திரமாக இருக்கட்டும்' என்று நகைப் பெட்டி மாமியாரின் பீரோவுக்குப் போய்விடுகிறது. பிறகு பெண் ஒரு வளையலை எடுக்கவும் சாவி கேட்க வேண்டும்.

இப்படிப் போவதற்குத் தமிழில் பெயர் சீதனம். வரதட்சிணைக்கு இன்னொரு பெயர் என்றே பலர் நினைக்கிறார்கள். 'சீர்' என்ற சொல்லோடு ஒலி ஒத்துப்போவதால் சீர்வரிசையின் சுருக்கம் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் இல்லை. ஸ்திரீதனம் என்ற வடசொல் தமிழ் நாவில் உருண்டு சீதனம் ஆயிற்று. ஸ்திரீ என்றால் பெண், தனம் என்றால் சொத்து. பெண்ணினது சொத்து. பள்ளிக்கூட இலக்கணத்தில் சொன்னால் ஆறாம் வேற்றுமைத் தொகை. 'பெண்ணுக்காக மாப்பிள்ளைக்கு' என்று பொருள் கொள்ள அந்தச் சொல்லில் இடமே இல்லை.

சொல் சொல்வது ஒன்று, வழக்கில் நடப்பது அதற்கு நேர் எதிர். இந்த இடைவெளி எப்போது, எப்படி ஏற்பட்டது என்பது அகராதிக்காரர்களின் கவலை மட்டுமல்ல. ஒரு பெண் நீதிமன்றத்தில் தன் நகையைத் திருப்பிக் கேட்கும்போது, வழக்கே இந்தச் சொல்லின் பொருளைச் சுற்றித்தான் நடக்கிறது.

மனுஸ்மிருதியில் ஒரு முரண்பாடு உண்டு. மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொந்தச் சொத்து கிடையாது என்கிறது ஓர் இடம். இன்னோர் இடம், பெண்ணின் சொத்து ஆறு வகை என்று எண்ணிக் காட்டுகிறது. மண அக்னியின் முன் கொடுத்தது, புகுந்த வீட்டுக்குப் புறப்படும்போது கொடுத்தது, அன்பின் அடையாளமாகக் கொடுத்தது, தாய் கொடுத்தது, தந்தை கொடுத்தது, சகோதரன் கொடுத்தது. பெண்ணின் சொத்தில் வாழும் உறவினர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்ற எச்சரிக்கையும் அதே நூலில் இருக்கிறது.

அர்த்தசாஸ்திரம் நரகத்தைப் பற்றிப் பேசாமல் கணக்குப் பேசுகிறது. ஸ்திரீதனம் இரண்டு வகை: ஒன்று ஜீவனத்துக்கு, மற்றொன்று உடலில் அணியும் நகை. ஜீவனத்துக்கு ஒதுக்குவதில் 2,000 என்ற அளவைக் குறிப்பிடும் நூல், நகைக்கு வரம்பே விதிக்கவில்லை. கணவன் இல்லாத காலத்திலோ கஷ்டத்திலோ பெண் நிற்பதற்கான சேமிப்பு என்பதே அதன் உட்கருத்து. நகை அலங்காரத்துக்கு மட்டும் அல்ல, அவள் கழுத்திலேயே இருக்கும் வங்கிக் கணக்கு.

பெரிய சண்டை ஒரே ஒரு சின்னச் சொல்லால் வந்தது. யாக்ஞவல்க்ய ஸ்மிருதியும் ஸ்திரீதன வகைகளைப் பட்டியலிடுகிறது. தாய், தந்தை, கணவன், சகோதரன் கொடுத்தது, அக்னியின் முன் பெற்றது, கணவன் இன்னொரு மனைவியைக் கொண்டு வரும்போது முதல் மனைவிக்கு ஈடாகக் கொடுப்பது. பட்டியல் முடியும் இடத்தில் 'ஆத்யம்' என்று ஒரு சொல். தமிழில் 'முதலியன'. இந்த முதலியனவுக்குள் எதையெல்லாம் சேர்க்கலாம்?

சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் காலத்தில் கல்யாணி நகரத்தில் வாழ்ந்த விஞ்ஞானேஸ்வரர், அந்த ஸ்மிருதிக்கு மிதாக்ஷரம் என்ற உரை எழுதினார். இன்றைய கர்நாடகத்தின் பசவகல்யாண்தான் அந்த ஊர். அவருடைய பதிலில் தயக்கம் இல்லை. வாரிசாக வந்தது, விலைக்கு வாங்கியது, பாகப் பிரிவினையில் கிடைத்தது, அனுபவத்தால் உரிமையானது, கண்டெடுத்தது எல்லாமே முதலியனவில் அடக்கம். காரணமும் சொன்னார். ஸ்திரீதனம் என்பது சாஸ்திரக்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட பரிபாஷைச் சொல் அல்ல, அதன் உறுப்புகள் தரும் பொருளையே அதற்குக் கொள்ள வேண்டும். தமிழ் இலக்கணத்தில் காரணப்பெயர் என்போமே, அது. பெண்ணுடைய தனம் எதுவோ அது ஸ்திரீதனம். அது அவளுக்கு எந்த வழியில் வந்தால் என்ன?

வங்காளத்தில் தாயபாகம் எழுதிய ஜீமூதவாகனர் வேறு வழியில் யோசித்தார். எந்தச் சொத்தைக் கணவனைக் கேட்காமல் அவளால் கொடுக்கவும் விற்கவும் அனுபவிக்கவும் முடியுமோ, அதுவே ஸ்திரீதனம். வரையறை குறுகியது, ஆனால் கூர்மையானது. சொத்து பெயரில் இருப்பது வேறு, கையில் இருப்பது வேறு என்பதை அவர் கண்டுகொண்டார். அதே மரபில் இன்னொரு விதியும் இருந்தது. பெண் கைத்தொழிலால் சம்பாதித்ததும், உறவல்லாதவர் கொடுத்ததும் கணவனின் கட்டுப்பாட்டில் இருக்கும். அதாவது பிறந்த வீடு தரும் பரிசு அவளுடையது, அவளே உழைத்துப் பெற்ற கூலி மட்டும் முழுக்க அவளுடையது அல்ல.

அடுத்த கேள்வி, அவளுக்குப் பின் யாருக்கு? இங்கேதான் ஸ்திரீதனம் மற்றச் சொத்துகளிலிருந்து விலகி நடந்தது. நிலமும் வீடும் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போன காலத்தில், தாயின் சொத்து முதலில் மகளுக்குப் போயிற்று. அதிலும் மணமாகாத மகளுக்கு முன்னுரிமை. மகள் வழியில் யாரும் இல்லாதபோதுதான் மகன். பிள்ளையே இல்லையென்றால், முறையான திருமணங்களில் கணவனுக்கு. பாட்டியின் ஒட்டியாணம் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மகளுக்கும் வந்தது வெறும் பிரியத்தால் மட்டும் அல்ல. அது ஒரு வாரிசு முறை.

கணவனுக்கு விதிவிலக்கும் இருந்தது. பஞ்சம், தர்ம காரியம், நோய், சிறைப்பட்ட நிலை ஆகியவற்றில் மனைவியின் தனத்தை அவன் எடுத்தால் திருப்பித் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்கிறது யாக்ஞவல்க்யம். மற்ற நேரங்களில் எடுத்தது கடனே என்பது இதன் மறுபக்கம். தங்கையின் கல்யாணத்துக்கும் தம்பியின் கடைக்கும் எடுக்கலாம் என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

பிறகு வெள்ளைக்காரர்களின் நீதிமன்றங்கள் வந்தன. சாஸ்திரத்தைப் படித்துத் தீர்ப்புச் சொல்வதாகவே அவை சொல்லிக்கொண்டன. ஆனால் 1867இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், விதவை தன் கணவனிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து ஸ்திரீதனம் ஆகாது என்று முடிவு செய்தது. தந்தையிடமிருந்து மகள் பெற்ற சொத்தும் அப்படியே ஆயிற்று. 1903இல் அதைவிட விநோதம்: ஒரு பெண்ணின் ஸ்திரீதனத்தை இன்னொரு பெண் வாரிசாகப் பெற்றால், அவள் கையில் அது ஸ்திரீதனம் அல்ல. விஞ்ஞானேஸ்வரர் 'முதலியன'வுக்குள் முதலில் சேர்த்த வாரிசுச் சொத்தே வெளியே தள்ளப்பட்டது. பெண் அதை உயிருள்ளவரை அனுபவிக்கலாம், தன்னிஷ்டப்படி விற்க முடியாது, அவளுக்குப் பின் அவளுடைய வாரிசுகளுக்கும் போகாது. பம்பாய் மாகாணத்தில் மட்டும் தந்தையின் சொத்தைப் பெற்ற மகளுக்கு முழு உரிமை நிலைத்தது.

கல்கத்தாவில் 1878இல் குருதாஸ் பானர்ஜி இந்து விவாகத்தையும் ஸ்திரீதனத்தையும் பற்றிச் சட்டச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஸ்திரீதனத்துக்காகத் தனியே சொற்பொழிவுகள் தேவைப்பட்டன என்பதே சிக்கலின் அளவைக் காட்டும். எது ஸ்திரீதனம், எது அல்ல என்று சொல்ல, சொத்து யாரிடமிருந்து, எப்போது வந்தது, பெண் கன்னியா, சுமங்கலியா, விதவையா, எந்த மாகாணத்தவள் என்று எத்தனையோ கேட்க வேண்டியிருந்தது.

சட்டம் சொல்லைக் குறுக்கிக்கொண்டிருந்த நாட்டில் வழக்கு அதைத் திருப்பியே போட்டுவிட்டது. இது ஒரு மொழியில் மட்டும் நடந்தது அல்ல. வங்காளியில் வரதட்சிணைக்கு 'யௌதுக்' என்று பெயர். சாஸ்திரத்தில் யௌதகம் என்பது, மணமேடையில் தம்பதியர் சேர்ந்து அமர்ந்திருக்கும்போது பெண்ணுக்குத் தந்த சொத்து, அம்மாவுக்குப் பின் மணமாகாத மகளுக்குப் போக வேண்டியது. இந்தியின் 'தஹேஜ்', அரபி வழியாக வந்த 'ஜஹேஸ்' என்ற சொல்லின் மாற்றுருவம். மணப்பெண்ணுக்காக ஆயத்தம் செய்து அனுப்பும் சாமான்கள் என்பது அதன் பொருள். மலையாளத்தில் ஸ்திரீதனம் என்ற சொல் சிதையாமல் அப்படியே இருக்கிறது, பொருள் மட்டும் வரதட்சிணை. இத்தனை சொற்களும் பெண்ணிடம் புறப்பட்டு மாப்பிள்ளை வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன. 'வரதட்சிணை' ஒன்றுதான் நேர்மையான சொல். வரனுக்குத் தரும் தட்சிணை என்று அது ஒளிக்காமல் சொல்கிறது.

கேரளத்தில் இந்தச் சொல் சட்டப் புத்தகத்திலேயே ஏறியது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டத்தின்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில் மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. ஸ்திரீதனம் கொடுத்தாயிற்று, அல்லது கொடுப்பதாக வாக்களித்தாயிற்று என்றால் அதுவும் இல்லை. பெண்ணின் சொத்து என்று பொருள்படும் சொல்லே பெண்ணுக்குச் சொத்து இல்லை என்று சொல்லப் பயன்பட்டது. கல்வியாளர் மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது என்றது. மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு.

தமிழில் பழைய பொருள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. மகளுக்கு மஞ்சள் செலவுக்கென்று எழுதி வைக்கும் நிலத்துக்கு மஞ்சட்காணி என்று பெயர். தெலுங்கிலும் 'பசுபு குங்குமம்' என்று நிலம் தருவது உண்டு. யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் 1707இல் தொகுக்க வைத்த தேசவழமைச் சட்டம், தந்தை வழியில் வருவதை முதுசொம் என்றும், பெண் கொண்டுவருவதைச் சீதனம் என்றும் பிரித்தது. பழைய முறைப்படி முதுசொம் மகன்களுக்கு, சீதனம் மகள்களுக்கு. மஞ்சட்காணியானாலும் யாழ்ப்பாணச் சீதனமானாலும் சொத்து நிற்பது பெண்ணின் பேரில்.

சுதந்திர இந்தியா இந்த முடிச்சை இரண்டு சட்டங்களால் அவிழ்க்க முயன்றது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 14ஆவது பிரிவில், இந்துப் பெண் வைத்திருக்கும் சொத்துக்கு அவளே முழு உரிமையாளர் என்றது. எந்தச் சொத்து? வாரிசாக வந்தது, உயிலால் வந்தது, பாகத்தில் வந்தது, ஜீவனாம்சத்துக்குப் பதிலாக வந்தது, திருமணத்துக்கு முன்போ பின்போ யாரிடமிருந்தும் பரிசாக வந்தது, சொந்தத் திறமையாலும் உழைப்பாலும் வந்தது, விலைக்கு வாங்கியது, வேறு எந்த வழியில் வந்ததும். கல்யாணி நகரத்து உரைகாரர் படித்தால் புன்னகைத்திருப்பார். அவருடைய 'முதலியன' எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவர் பட்டியலில் சொல்லாத கூலியும் சேர்ந்துகொண்டது.

1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம். இது எல்லா மதத்தினருக்கும் பொது. கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்ற பிரிவு எல்லாருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது 6ஆவது பிரிவு. பெண்ணின் திருமணம் தொடர்பாக வரதட்சிணையை வேறு யார் பெற்றிருந்தாலும் அதைப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். திருமணத்தின்போது பெற்றதென்றால் 3 மாதக் கெடு. அதுவரை அது அவர் கையில் அவளுக்கான நம்பிக்கைச் சொத்து மட்டுமே. குற்றமாக வாங்கியதைக்கூடச் சட்டம் கொடுத்தவரிடம் திருப்பி அனுப்பவில்லை, பெண்ணிடம் அனுப்புகிறது.

ஆனாலும் 1980களின் தொடக்கத்தில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம், கணவன் வீட்டுக்குள் வந்துவிட்ட சீதனப் பொருள்கள் இருவரின் கூட்டு அனுபவத்தில் இருப்பவை, தனியாக நம்பிக்கை மோசடிக் குற்றம் எழாது என்ற கருத்தில் நின்றது. 1985 மார்ச்சில் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறுத்தது. நீதிபதிகள் பசல் அலியும் வரதராஜனும் பெரும்பான்மையாகவும், நீதிபதி ஏ.பி. சென் மாறுபட்டும் தீர்ப்பு எழுதினார்கள். புகுந்த வீட்டு வாசலைத் தாண்டியதால் பெண்ணின் சொத்து கூட்டுச் சொத்தாகிவிடாது, கேட்டும் திருப்பித் தராவிட்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். 1996இல் மூன்று நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது.

அதற்குப் பிறகும் கேள்வி ஓயவில்லை. கேரளத்துப் பெண் ஒருவருக்கு 2003இல் திருமணம். பிறந்த வீட்டார் போட்ட நகை 89 சவரன். முதல் இரவிலேயே நகையை வாங்கிப் 'பத்திரத்துக்காக'த் தன் தாயிடம் கொடுத்தார் கணவர் என்பதும், அது அவர்கள் கடனில் கரைந்தது என்பதும் பெண்ணின் குற்றச்சாட்டு. குடும்ப நீதிமன்றம் பெண்ணின் பக்கம், உயர் நீதிமன்றம் கணவர் பக்கம். 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி கணவருக்கு உத்தரவிட்டது. இக்கட்டில் கணவன் மனைவியின் தனத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் அதையோ அதன் மதிப்பையோ திருப்பித் தரும் தார்மீகக் கடமை அவனுக்கு உண்டு என்றது தீர்ப்பு. யாக்ஞவல்க்யம் தந்த சலுகைகூட இப்போது இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு வழக்கு. மகளின் ஸ்திரீதனத்தைத் திருப்பிக் கேட்டுத் தந்தை புகார் கொடுத்திருந்தார். மகள் அதிகாரம் கொடுக்காதபோது தந்தைக்கும் அதில் உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். கணவனுடையது அல்ல, கொடுத்த தகப்பனுடையதும் அல்ல.

ஓர் ஓட்டை மட்டும் பெரிதாக இருக்கிறது. 14ஆவது பிரிவு கொடுத்ததை அடுத்த பிரிவு அரைகுறையாக்கியது. பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து முதலில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்கு. அதன் பிறகே அவளைப் பெற்றவர்களுக்கு. பிள்ளையில்லாதவள் தாய் தந்தையரிடமிருந்து வாரிசாகப் பெற்றது மட்டும் தந்தை வழிக்குத் திரும்பும். அவளே சம்பாதித்தது திரும்பாது. 1955இல் மணமாகி மூன்று மாதத்துக்குள் விதவையான ஒரு பெண், புகுந்த வீட்டிலிருந்து விரட்டப்பட்டு, பெற்றோர் படிக்க வைத்து வேலைக்குப் போனவர், 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய வங்கிச் சேமிப்பும் வைப்பு நிதியும் யாருக்கு? தாய் கேட்டார். கணவனின் உறவினர்களும் கேட்டார்கள். இத்தகைய சொத்துக்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 2008இல் பரிந்துரைத்திருந்தது. ஆனால் 2009இல் உச்ச நீதிமன்றம் இருக்கிற சட்ட வரிகளின்படியே விரட்டியவர்களின் பக்கம் தீர்ப்பளிக்க வேண்டி வந்தது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியாது என்றது. ஒரு வெள்ளைத் தாளில் இரண்டு சாட்சிகளோடு எழுதிய உயில் இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு காகிதமும் இருக்கிறது. வரதட்சிணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985இல் வந்த விதிகளின்படி, பெண்ணுக்கு வந்த பரிசுகளைத் திருமணத்தின்போதே பட்டியலிட வேண்டும். என்ன பொருள், ஏறத்தாழ என்ன மதிப்பு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி, மணமக்கள் இருவரும் கையெழுத்திட வேண்டும். அந்தப் பட்டியலை மணப்பெண்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மொய் நோட்டில் 101 ரூபாயைக்கூட விடாமல் எழுதும் சமூகம், இந்தப் பட்டியலை எழுதச் சொன்னால் 'சம்பந்தியை நம்பவில்லையா' என்று கோபித்துக்கொள்கிறது. பிறகு வழக்கு என்று வரும்போது பெண்ணிடம் மிஞ்சுவது கல்யாண ஆல்பம். கழுத்தில் எத்தனை சங்கிலி என்று நீதிபதி போட்டோவில் எண்ண வேண்டியிருக்கிறது.

சொல்லின் பொருள் மாறியதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். தேசியக் குற்றப் பதிவு ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022ஆம் ஆண்டில் மட்டும் வரதட்சிணைச் சாவுகள் 6,400க்கு மேல். சீதனம் மாப்பிள்ளை வீட்டாருக்கு உரியது என்ற எண்ணம்தான் 'குறைவாகக் கொண்டுவந்தாள்' என்ற வசவின் வேர். அவளுடைய பொருள் குறைவாக இருந்தால் அவளுக்கல்லவா வருத்தம் இருக்க வேண்டும்? மாமியாருக்கு ஏன்?

கல்யாணக் கூடத்துக்கே திரும்புவோம். "உங்க பொண்ணுக்கு நீங்க என்ன செய்யறீங்களோ" என்று சம்பந்தி சொல்லும்போது, அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் சரி. பெண்ணுக்குச் செய்வது பெண்ணுடையது. பட்டியலை எழுதிக் கையெழுத்து வாங்கலாம். லாக்கரை அவள் பெயரில் எடுக்கலாம். சாவியை அவளிடம் கொடுக்கலாம். சொல்லுக்கு அதன் பழைய பொருள் திரும்ப வர, வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.